நாயின் மூக்கும் கடற்காற்றும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நாயோடு நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோடைக்காலத்தில் சாயங்காலம் போனால் நாய் அலைப்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நாயை அதே இடத்துக்கு விடிவதற்கு முன் கூட்டிப்போனால், கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சூரியன் எழுவதைப் படம்பிடிக்க செல்போனும் கையுமாக எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். கயிற்றின் மறுமுனையில் இருக்கும் ஜீவன் மட்டும் மேற்கே பார்க்கும். எங்கள் செவலையும் இப்படித்தான். செவலை என்பது அவன் பெயர், நிறம் இரண்டும். ஜாதி கேட்டால் சுத்தமான நாட்டு நாய்.

ரசனை இல்லாத நாய் என்று வீட்டில் அவனுக்குப் பட்டம். ரசனையெல்லாம் இருக்கிறது, மூக்கில் இருக்கிறது. அந்த மூக்குக்கான செய்தி காலையில் மேற்கிலிருந்து வருகிறது, மாலையில் கிழக்கிலிருந்து வருகிறது. காற்று திசை மாறுவதால் நாயும் திசை மாறுகிறது. கடற்கரை ஊரில் நாய் வளர்ப்பதில் உள்ள சுகத்தில் பாதி, இந்தக் காற்றையும் அந்த மூக்கையும் சேர்த்துப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் காற்று. மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டுக்கும் நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். பகலில் சூடான தரையின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இது கடற்காற்று. இரவில் தரை ஆறிவிடுகிறது, கடல் கதகதப்பாகவே இருக்கிறது. அப்போது ஓட்டம் தலைகீழாகி, தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று போகிறது. இது கரைக்காற்று. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் பலமாக இருந்தால் சென்னைக்குக் கடற்காற்று வந்துசேரப் பிற்பகல் ஆகிவிடும். சில நாள் வராமலேயும் ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பகலும் இரவும் பெரும்பாலும் கடல் பக்கத்துக் காற்றுதான், அதனால் நாயின் காலை மாலைக் கணக்கும் அப்போது செல்லாது.

இதெல்லாம் உடம்பில் படுவதால் மட்டும் தெரிந்த சங்கதி இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடாரின் திரையில், கடற்காற்றின் முன்விளிம்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். மழை இல்லாத நாளிலும் தெரியும். இரண்டு காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பூச்சிகளும் தூசியும் ஒதுங்கிச் சேர்வது அதற்கு ஒரு காரணம். அந்தக் கோடு பிற்பகலில் கரையைத் தாண்டி மேற்கே நகர்ந்து நகர்ந்து போவதைப் பார்க்கலாம்.

அந்தக் காற்று கொண்டுவரும் கடல் வாசம் உப்பின் வாசம் அல்ல. உப்புக்கு மணமே கிடையாது. நாம் கடல் வாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள் தங்கள் உடம்பின் உப்புச் சமநிலைக்காக ஒரு பொருளைச் சேர்த்துவைக்கின்றன. அவை செத்தாலோ, வேறு உயிர்கள் அவற்றைத் தின்றாலோ அந்தப் பொருள் நீரில் கலக்கிறது. பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது இந்தக் கந்தக வாசம் பிறக்கிறது. கடலுக்கு மேலே இது எங்கும் பரவியிருக்கிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் கப்பலில் பயணம் செய்து அளந்து காட்டியவர் ஜேம்ஸ் லவ்லாக். பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் மரபணுவை 2007இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். ஆல்பட்ராஸுக்கு உறவான சில கடற்பறவைகள் இந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே நடுக்கடலில் இரை தேடுகின்றன.

ஆனால் செவலை மூக்கை நீட்டுவது பாசிக்காக இருக்காது. கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஃபைபர் படகில் வலை உதறிக்கொண்டிருப்பார்கள், அல்லது வடக்கே ஊரூர் குப்பத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருக்கும். அந்த மணம் காற்றில் எப்படி வருகிறது என்பதுதான் சுவாரஸ்யமான இடம்.

மணம் ஒரு மூலையில் கிளம்பி, தூரம் போகப்போகச் சீராகக் குறைந்துகொண்டே போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியிருந்தால் நாய்க்கு வேலை சுலபம். மணம் கூடுகிற பக்கம் நடந்தால் போதும். பூஜை அறையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திவைத்துப் பாருங்கள். முதல் ஒரு சாண் உயரத்துக்குப் புகை நூல் பிடித்ததுபோல நேராகப் போகும். அதற்கு மேல் நெளியும், சுருளும், கிழியும். மின்விசிறியைப் போட்டுவிட்டால் அறையெங்கும் புகைத் துணுக்குகள், நடுநடுவே வெறும் காற்று. பத்தியின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு மணம் ஒரு கணம் குப்பென்று அடிக்கும், அடுத்த கணம் இருக்காது. கடற்கரையில் மீன் மணமும் இப்படித்தான் வருகிறது. இப்படித் தாறுமாறாகச் சுழலும் ஓட்டத்தைக் கொந்தளிப்பு ஓட்டம் என்பார்கள். அதில் வரும் மணத்தின் துணுக்குகளை மண இழைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இழை மூக்கில் படும் கணத்தில், அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. மூலம் எங்கோ காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் நாய் இரண்டு காரியம் செய்கிறது. மணம் பட்டால் காற்றை எதிர்த்து முன்னே போகிறது. மணம் அறுந்தால் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக அலைகிறது, அடுத்த இழை எங்காவது மேலே படட்டும் என்று. பெண் அந்துப்பூச்சியைத் தேடி வரும் ஆண் பூச்சிகளும் இதே உத்தியைத்தான் கையாளுகின்றன. கடற்கரையில் நம் நாய் நேராக நடக்காமல் கோணல்மாணலாக இழுப்பதைப் பார்த்து, பயிற்சி போதாது என்று சிலர் கவலைப்படுவார்கள். தேடுகிற முறையே அது.

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். நாய் கொஞ்ச தூரம் மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போகும். சட்டென்று நின்று தலையைத் தூக்கிக் காற்றை முகரும். மறுபடி தரைக்குப் போகும். ஏன் இந்த மாற்றி மாற்றி? இத்தாலியின் ஜெனோவாவைச் சேர்ந்த அக்னேசே செமினாரா, பிரான்ஸில் பணியாற்றும் மாசிமோ வெர்கசோலா ஆகியோரின் குழு 2022இல் இதைக் கணினியில் ஆராய்ந்தது. தரையை ஒட்டிய காற்று உராய்வால் மெதுவாக நகர்கிறது. அங்கே மணம் ஓரளவு அறுபடாமல் இருக்கும், ஆனால் வெகுதூரம் போகாது. உயரத்தில் காற்று வேகமாக ஓடுகிறது. அங்கே மணம் அறுந்தறுந்து வரும், ஆனால் நெடுந்தூரத்திலிருந்தும் வரும். குழு ஒரு கற்பனைத் தேடலாளியை உருவாக்கி, இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் முகர்ந்துகொள், சீக்கிரம் மூலத்தைக் கண்டுபிடி என்று விட்டது. எப்படித் தேட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது தானாகவே வந்துசேர்ந்த வழி, நின்று தலையைத் தூக்கி முகர்வதும் தரையை முகர்ந்துகொண்டே நகர்வதுமாக மாற்றி மாற்றிச் செய்வது. தேடலின் தொடக்கத்திலும், தடம் தொலைந்துபோன இடங்களிலும் அது அதிகமாகத் தலையைத் தூக்கியது. கணக்குப் போட்டு வந்த விடையும் கடற்கரை நாய் செய்வதும் ஒன்றாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இனி மூக்கு. நமக்கு உள்ளிழுக்கும் மூச்சும் வெளிவிடும் மூச்சும் ஒரே துளை வழியாக ஒரே தடத்தில் போய்வருகின்றன. நாய் மூக்கின் துளையைப் பக்கவாட்டில் பாருங்கள், ஒரு பிளவு பின்னோக்கிப் போகும். நாய் முகரும்போது காற்று முன்துளை வழியாக உள்ளே போகிறது. வெளிவிடும்போது பக்கப் பிளவு வழியாகக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் பீய்ச்சி அடிக்கிறது. இதனால் இரண்டு லாபம். பழைய மூச்சு முன்னால் இருக்கும் மணத்தைக் கலைத்துவிடுவதில்லை. பின்னோக்கிப் பாயும் காற்று தன்னோடு முன்பக்கத்துக் காற்றையும் இழுப்பதால், புதிய மணம் மூக்கை நோக்கி வருகிறது. உலர்ந்த மணலில் முகரும் நாயின் மூக்குக்கு இருபுறமும் மணல்துகள் சிதறுவதைச் சில சமயம் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. பிறகு இது எப்படித் தெரியவந்தது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ் என்ற பொறியாளர் ஷ்லீரன் ஒளிப்பட முறையில் கைதேர்ந்தவர். சூடான காற்று ஒளியைச் சற்று வளைக்கும். கோடையில் தார்ச்சாலை மேலே நெளிவது தெரிவது அதனால்தான். மிக நுட்பமான கண்ணாடிகளை வைத்து அந்த நெளிவைப் பதிவுசெய்வதுதான் இந்த முறை. நாயின் வெளிமூச்சு வெதுவெதுப்பானது, ஆகவே அது படத்தில் விழுந்தது. பிறகு அவரும் பிரென்ட் கிரேவன் முதலியோரும், இறந்துபோன ஒரு லேப்ரடார் கலப்பின நாயின் மூக்கை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சந்துபொந்தையும் கணினியில் எழுப்பி, காற்று எங்கெங்கே போகிறது என்று கணக்கிட்டார்கள். 2010இல் வெளிவந்தது அந்த ஆய்வு.

அதில் தெரிந்தது இது. உள்ளே வரும் காற்று மூக்குக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகிறது. சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் மேல்வழியாகத் தனியே ஓடி, மூக்கின் பின்கோடியில் இருக்கும் ஓர் அறைக்குள் நுழைகிறது. மோப்ப அறை என்று சொல்லலாம். மெல்லிய சுருளெலும்புகள் மடிப்பு மடிப்பாக அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அறையின் சுவர்களில்தான் மணத்தை அறியும் உயிரணுக்கள் இருக்கின்றன. அங்கே காற்று மெதுவாக நகர்கிறது. நாய் மூச்சை வெளிவிடும் நேரத்திலும் அந்த அறைக்குள் இருக்கும் காற்று அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடுகிறது. எளிதில் கரையும் மூலக்கூறுகள் வழியிலேயே சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ள, கரையாதவை உள்ளே வெகுதூரம் போகின்றன. எது எங்கே படிந்தது என்பதும் மூளைக்கு ஒரு குறிப்பு. நமக்கு இப்படித் தனி அறை கிடையாது. கூரையில் சின்னதாக ஒரு பரப்பு, மூச்சோடு வருவதும் போவதுமாக மணம். அவ்வளவுதான்.

முகரும்போது நாய் நொடிக்கு ஐந்து தடவை போல மூச்சை இழுத்து விடுகிறது. இடது துளையும் வலது துளையும் தனித்தனி இடத்திலிருந்து காற்றை எடுக்கின்றன என்பதையும் இதே குழு காட்டியது. எந்தப் பக்கம் மணம் அதிகம் என்பதை ஒரே முகர்வில் அறிய இது வசதி. காற்றை எதிர்த்து ஓடும்போது நடப்பது இன்னும் விசேஷம். நார்வேயில் யோஹான் ஸ்டீன் தலைமையில் வேட்டை நாய்களை வைத்து 1996இல் ஓர் ஆய்வு செய்தார்கள். தலையைத் தூக்கி மணம் தேடிக்கொண்டே ஓடும் நாய், மூக்கு வழியாகக் காற்றை உள்ளிழுப்பதை 40 நொடி வரைகூட நிறுத்தவில்லை. மூச்சை வெளிவிட்ட கணங்களிலும் காற்று வாய் வழியாக வெளியேற, மூக்கில் உள்நோக்கிய ஓட்டம் தொடர்ந்தது. மாலைக் கடற்காற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயின் முகத்தில் தெரியும் பரவசத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னால், விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்வார்கள். நான் விஞ்ஞானி இல்லை.

இந்த மூக்கைப் பொறியாளர்கள் காப்பியடித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்கத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாத்யூ ஸ்டேமேட்ஸ் ஒரு பெண் லேப்ரடாரின் மூக்கை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதை முகரவைத்தார். சந்தையில் கிடைக்கும் வெடிபொருள் கண்டறியும் கருவி ஒன்று காற்றைச் சும்மா உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் முனையில் நாய் மூக்கின் பாணியில் ஒரு நுழைவாயைப் பொருத்தி, இழுத்து விட்டு இழுத்து விட்டு முகரச் செய்தபோது, 4 சென்டிமீட்டர் தூரத்தில் அதன் திறன் 16 மடங்கு கூடியது. 2016இல் வெளிவந்த செய்தி இது. மூக்கின் வலிமையில் ஒரு பங்கு வெறும் காற்றோட்ட நுணுக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மனிதனைவிடப் பத்தாயிரம் மடங்கு, லட்சம் மடங்கு என்று நாயின் மோப்பத்தைப் பற்றி ஓர் எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி ஒற்றை எண்ணே கிடையாது. நாயிடம் வேலைசெய்யும் மணவாங்கி மரபணுக்கள் சுமார் 800, நம்மிடம் சுமார் 400. வித்தியாசம் இரண்டு மடங்குதான். உயிரணுக்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் மிகப் பெரியது. நமக்குச் சில பத்து லட்சங்கள், நாய்க்குப் பல கோடிகள். எந்த அளவு நீர்த்துப்போகும் வரை கண்டுபிடிக்கும் என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகத்தான் சோதிக்க முடியும். வாழைப்பழ வாசம் தரும் அமைல் அசிடேட்டை வைத்து 2006இல் இரண்டு நாய்களைச் சோதித்தார்கள். ஒரு லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால்கூட அவை கண்டுகொண்டன. ஆனால் சோதிக்கப்பட்ட வேறு சில பொருள்களில் மனித மூக்கு நாயை முந்தியிருக்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனையின் ஜியோஸ்மினை நாமும் அற்பசொற்ப அளவிலேயே பிடித்துவிடுகிறோம். மனிதன் மோப்பத்தில் மட்டம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உடற்கூறியலாளர் பால் புரோக்கா காலத்திலிருந்து வந்த கட்டுக்கதை என்று ஜான் மெக்கேன் 2017இல் விரிவாக எழுதினார். நாய்க்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அது மூக்கைத் தரையில் வைத்து நாளெல்லாம் உழைக்கிறது என்பது.

தரை என்றதும் காலடித் தடம் நினைவுக்கு வருகிறது. மணலில் யாரோ நடந்துபோன தடத்தின் நடுவில் நாய் குறுக்கிடுகிறது. எந்தப் பக்கம் போனால் ஆளைப் பிடிக்கலாம், எந்தப் பக்கம் போனால் ஆள் புறப்பட்ட இடத்துக்குப் போய்ச்சேரும்? நமக்கு விரல் எந்தப் பக்கம், குதிகால் எந்தப் பக்கம் என்று பார்க்கக் கண் போதும். நாய் மணத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது என்று காட்டியது 1993இல் ஆஸ்லோவில் நடந்த ஆய்வு. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் தடத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, இரண்டு முதல் ஐந்து காலடிகளை முகர்ந்து, சில நொடிகளில் சரியான பக்கம் திரும்பின. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பரும் டெபோரா வெல்ஸும் 2005இல் இன்னும் ஒரு படி போனார்கள். தனித்தனிக் கம்பளத் துண்டுகளின் மேல் ஒருவரை நடக்கவைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்து காலடி இருந்தால் நாய்க்குத் திசை தெரிந்தது, மூன்று போதவில்லை. துண்டுகளின் வரிசையைக் குலைத்தபோது நாய் தடுமாறியது. ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நொடிதான் வித்தியாசம். அந்த ஒரு நொடியில் எது பழசு, எது புதுசு என்ற மிகச் சிறிய மண வித்தியாசத்தை ஐந்து காலடிக்குள் அது கூட்டிப் பார்த்துவிடுகிறது.

சென்னைக் கரையில் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அலை வந்து தொடும் ஈர மணலில் ஒவ்வொரு அலையும் தடத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. நாய்கள் அலையோரத்தைவிட, அதற்குச் சற்று மேலே, கடல் கொண்டுவந்து ஒதுக்கிய பாசி, சிப்பி, மீன்முள், தேங்காய் ஓடு கிடக்கும் வரிசையையே விரும்பி நடப்பதற்குக் காரணம் இதுதான். நேற்று இரவு கடல் என்னென்ன கொண்டுவந்தது என்ற பட்டியல் அங்கேதான் கிடக்கிறது.

கடலும் நாய் மூக்கும் சேர்ந்து செய்த மிகச் சிறந்த வேலை என்று நான் நினைப்பது வேறொரு கடலில் நடந்தது. அமெரிக்காவின் வடமேற்கில், சான் ஹுவான் தீவுகளைச் சுற்றி ஓர்க்கா திமிங்கிலங்கள் வாழ்கின்றன. எண்ணிக்கை பெருகாமல் இருப்பதன் காரணத்தை அறிய வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர் அவற்றின் சாணத்தைத் தேடினார். அதில் ஹார்மோன்கள் இருக்கும். பட்டினியா, பதற்றமா, கருவுற்றிருக்கிறதா என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். திமிங்கிலத்தைத் தொட வேண்டியதுகூட இல்லை. ஆனால் சாணம் கொஞ்ச நேரமே மிதக்கும், பிறகு மூழ்கிவிடும். டக்கர் என்ற கறுப்பு லேப்ரடார் கலப்பின நாய் படகின் முகப்பில் நின்றது. ஒரு காலத்தில் சியாட்டில் தெருவில் அலைந்த நாய் அது. படகைக் காற்றுக்குக் குறுக்காக ஓட்டுவார்கள். மண இழை ஒன்று மேலே பட்டதும் டக்கர் அந்தப் பக்கம் சாய்ந்து விறைக்கும். படகோட்டி படகை அந்தப் பக்கம் திருப்புவார். மணம் அறுந்தால் நாய் தளரும், படகு மறுபடி குறுக்கே போகும். நம் கடற்கரை நாய் காலால் செய்வதை டக்கர் படகை வைத்துக்கொண்டு செய்தது. ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் கண்டுபிடித்தது. கூலி, விளையாட ஒரு பந்து. இப்படிச் சேர்ந்த மாதிரிகளிலிருந்து 2017இல் வெளிவந்த முடிவு, கண்டறியப்பட்ட கருக்களில் 69 விழுக்காடு வரை பிறக்காமலே கலைந்துவிடுகின்றன என்றும், ஓர்க்காக்கள் நம்பியிருக்கும் சினூக் சால்மன் மீன் குறைந்துபோனது இதற்குப் பெரிய காரணம் என்றும் காட்டியது.

எங்கள் கரைக்குத் திரும்புவோம். நாய் வளர்ப்பவரின் பொறுமையைக் கடற்கரை சோதிக்கும் இடம், செத்த மீன். நாய் அதை முகர்ந்து பார்ப்பதோடு விடாது, தோளைக் கொடுத்துப் புரளும். தன் மணத்தை மறைக்க, கூட்டத்துக்குச் செய்தி சொல்ல என்று ஊகங்கள் பல உண்டு, எதுவும் நிறுவப்படவில்லை. மீனின் நாற்றத்துக்கான காரணம் மட்டும் தெளிவாகத் தெரியும். உப்புநீரில் வாழும் மீன், உடம்பின் நீரைக் கடலிடம் இழந்துவிடாமலிருக்க ஒரு சேர்மத்தைத் தசையில் தேக்கிவைக்கிறது. செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைன் என்ற வாயுவாக்குகின்றன. குளத்து மீனைவிடக் கடல் மீன் நாறுவது இதனால். மீனைப் புளி கரைத்துக் கழுவுகிறோமே, அதன் அமிலம் இந்த வாயுவைக் காற்றில் எழ முடியாத உப்பாக்கிவிடுகிறது. புரண்டுவிட்டு வந்த நாயை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியும் வாடை போகாவிட்டால், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து கண்ணில் படாமல் துடைத்துப் பாருங்கள். வேதியியல் அதேதான்.

புரண்டால் குளிப்பாட்டலாம். தின்றுவிட்டால்தான் ஆபத்து. வலையில் சிக்கும் பேத்தை மீனை மீனவர்கள் மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அதில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை. 2009இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக் கடற்கரைகளில் நாய்கள் திடீர் திடீரென்று செத்தபோது, கரையொதுங்கிய கடல் நத்தை வகை ஒன்றில் இதே நஞ்சு இருந்தது தெரியவந்தது. கடல்நீரையும் குடிக்க விடக்கூடாது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, வாந்தியில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். கையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மதிய வெயிலில் மணல் கொதிக்கும், பாதம் பொத்துப்போகும். அதோடு வாயைத் திறந்து இளைக்கும் நாய்க்கு மோப்பமும் மந்தமாகிவிடுகிறது. விடியலும் அந்தியும்தான் அதற்கான வேளை.

இந்த மூக்கால் தீமையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் இரவில் ஏறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகின்றன. மேலே மணலைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போன இடம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் டெக்சாஸில் பாட்ரே தீவில் ஒரு சிறிய டெரியர் நாய்க்குப் பயிற்சி கொடுத்து, காற்று தடத்தை அழித்துவிட்ட ஆமைக் கூடுகளைக் கண்டுபிடிக்கவைத்தார்கள். அதே திறமை பயிற்சியில்லாத நாயிடம் இருந்தால் முட்டைகள் காலி. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் இளைஞர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, நாய்களுக்கும் மனிதர்களுக்கும் முந்திக்கொண்டு முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். குஞ்சுகள் பொரித்துக் கடலேற மே மாதம் வரை ஆகலாம்.

மோப்பம் நாய்க்கு மகிழ்ச்சி தருகிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சார்லட் டுராண்டனும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019இல் இருபது நாய்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் மணம் தேடும் விளையாட்டு, மற்றதற்கு எசமானர் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. அதற்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்ததில் இருக்காது என்று பழக்கிவிட்டு, கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். தீனி இருக்கும் என்று நம்பும் நாய் வேகமாகப் போகும், நம்பாதது தயங்கும். மணம் தேடிய நாய்கள் முன்பைவிட வேகமாகப் போயின. ஒட்டி நடந்தவற்றிடம் மாற்றமில்லை.

ஆகவே கடற்கரையில் நாயை இழுத்துக்கொண்டு பத்தாயிரம் அடி எண்ணி நடக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அதை எதிர்த்து நடங்கள், நாய் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். ஜனவரி முதல் மே வரை மட்டும், இருட்டிய பிறகு மணல் பக்கம் அதை அவிழ்த்துவிடாதீர்கள்.